ஆங்கிலத்தின் ‘லாட்’: எந்த இடத்தில் என்ன பொருள், எப்படி எழுதுவது

ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே ‘எ லாட் ஆஃப்’ வந்துவிடும். பக்கத்தில் ‘நிறைய’ என்று எழுதிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். சிக்கல் அப்புறம்தான். மருந்து அட்டையின் ஓரத்தில் ‘லாட் நம்பர்’ என்று அச்சடித்திருக்கும், பங்குச் சந்தைச் செயலியில் ‘லாட் சைஸ்’ என்று ஒரு கட்டம் இருக்கும், படத்தில் கதாநாயகனை ‘பார்க்கிங் லாட்’டில் யாரோ துரத்துவார்கள், பழைய கதையொன்றில் ஒரு பெண் ‘இட் இஸ் மை லாட்’ என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவாள். இதில் எதிலும் ‘நிறைய’ ஒட்டவே ஒட்டாது. அகராதியைத் திறந்தால் பொருள்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நீண்டுகொண்டே போகும். அத்தனையையும் மனப்பாடம் செய்ய யாராலும் முடியாது, அதற்குத் தேவையும் இல்லை.

ஏனென்றால் அத்தனையும் ஒரே சொல்தான். அதன் நடுவில் இருக்கிற பொருள் ‘பங்கு’. மொத்தத்திலிருந்து பிரித்து, ஒருவருக்கென்றோ ஒரு காரியத்துக்கென்றோ ஒதுக்கிய பங்கு. நாம் முதலில் கற்றுக்கொள்கிற ‘நிறைய’ என்ற பொருள் ஏறத்தாழ 200 வருடப் பழக்கம், சொல்லுக்கோ 1,000 வருடத்துக்கு மேல் வயது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும். அதனால் முதலில் சொல்லின் கதை, பிறகு படிக்கும்போது பொருளைக் கண்டுபிடிக்கும் வழி, கடைசியில் எழுதும்போது கவனிக்க வேண்டியவை என்று போகலாம். அவசரமாக இலக்கணம் மட்டும் வேண்டும் என்பவர்கள் நேராகக் கீழே போகலாம், ஆனால் கதையைத் தெரிந்துகொண்டு போனால் இலக்கணமும் சுலபமாக இருக்கும்.

சீட்டுப் போட்ட மரத்துண்டு

பழைய ஆங்கிலத்தில் இது ‘ஹ்லொட்’. முன்னால் இருந்த அந்த ‘ஹ்’ ஒலி காலப்போக்கில் தேய்ந்து போனது. (‘லோஃப்’, ‘லவுட்’ இரண்டும்கூட ஒரு காலத்தில் ‘ஹ்ல’ என்று தொடங்கியவைதான், ஆங்கிலம் அந்த ஒலிக்கூட்டையே கைவிட்டுவிட்டது.) ‘ஹ்லொட்’ என்பது எண்ணிக்கையைக் குறிக்கவில்லை. கையில் எடுக்கக்கூடிய ஒரு பொருளைக் குறித்தது: சீட்டுப் போட்டுப் பார்க்கப் பயன்படுத்திய சின்னத் துண்டு, பெரும்பாலும் மரத்துண்டு. யாருக்கு எது என்று முடிவு செய்ய வேண்டுமானால், ஆளுக்கொரு துண்டில் அடையாளம் வைத்து, ஏதாவது ஒன்றில் போட்டுக் குலுக்கி, எந்தத் துண்டு வெளியே வருகிறது என்று பார்ப்பார்கள்.

இது எப்படி நடந்தது என்பதற்கு நல்ல சாட்சியம் ஒன்று இருக்கிறது. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98 வாக்கில் ஜெர்மானியக் குடிகளைப் பற்றி எழுதிய நூலில் இதை விவரிக்கிறார். காய்க்கும் மரமொன்றின் கிளையை வெட்டுவார்கள், அதைச் சிறு துண்டுகளாக நறுக்குவார்கள், ஒவ்வொரு துண்டிலும் ஒரு குறி போடுவார்கள், பிறகு எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துணிமேல் எப்படி விழுகிறதோ விழட்டும் என்று வீசுவார்கள். ஊருக்குப் பொதுவான காரியம் என்றால் பூசாரி, வீட்டுக் காரியம் என்றால் குடும்பத் தலைவர், தெய்வங்களை வேண்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி மூன்று துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றில் இருக்கும் குறிகளை வைத்துப் பலன் சொல்வார். ஆங்கிலம் பேசியவர்களின் முன்னோர் இந்த ஜெர்மானியக் குடிகளிலிருந்து பிரிட்டனுக்குப் போனவர்கள். சொல்லும் அவர்களோடு போனது.

இதே சொல்லின் உடன்பிறப்புகள் மற்ற மொழிகளில் இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஜெர்மன் மொழியில் ‘லோஸ்’ என்றால் லாட்டரிச் சீட்டு, தலைவிதி என்ற பொருளும் அதற்கு உண்டு. டச்சு மொழியின் ‘லொட்’டும் அப்படித்தான். ஐஸ்லாந்து மொழியில் ‘ஹ்லுதுர்’ என்பது பங்கைக் குறிக்கும், சாதாரணமாக ‘ஒரு பொருள்’, ‘ஒரு சாமான்’ என்பதையும் குறிக்கும். அந்த மொழி ‘ஹ்’ ஒலியைக்கூட விடாமல் வைத்திருக்கிறது.

சரி, மரத்துண்டு எப்படி ‘நிறைய’ ஆனது? ஒரே தாவலில் இல்லை. முதலில் துண்டின் பெயர், துண்டு விழுந்ததால் கிடைத்த பங்குக்குப் போனது. சீட்டில் உனக்கு விழுந்தது எதுவோ அது உன் ‘லாட்’. அங்கிருந்து வாழ்க்கையில் ஒருவருக்கு வாய்த்தது, அதாவது தலையெழுத்து என்ற பொருள் வந்தது. பங்கு நிலமாக இருந்தபோது நிலத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர்கள் புது ஊர்களை அமைத்தபோது, யாருக்கு எந்த இடம் என்பதைப் பல இடங்களில் சீட்டுப் போட்டுத்தான் பிரித்தார்கள். அதனால் அளந்து பிரித்த மனைக்கு ‘லாட்’ என்று பெயர். சீட்டுப் போடும் பழக்கம் போன பிறகும் பெயர் போகவில்லை, கார் நிறுத்துகிற இடம்வரை வந்துவிட்டது.

இன்னொரு கிளை வியாபாரத்தில் வளர்ந்தது. ஏலத்தில் சரக்கை ஒவ்வொன்றாக விற்காமல், பிரித்துப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் எண் போட்டு விற்பார்கள். அந்தப் பிரிவு ஒரு ‘லாட்’. அதில் ஒரே ஒரு ஓவியமும் இருக்கலாம், நாற்பது பழைய நாற்காலிகளும் இருக்கலாம். இங்கேதான் திருப்பம். ஒரு லாட்டில் பல பொருள்கள் சேர்ந்து இருப்பதைப் பார்த்துப் பார்த்து, ‘பங்கு’ என்ற நினைப்பு மங்கி ‘கூட்டம்’, ‘தொகுதி’ என்ற நினைப்பு முன்னால் வந்தது. பொருள்களுக்கு மட்டுமில்லாமல் ஆட்களுக்கும் சொல்லத் தொடங்கினார்கள். கூட்டம் என்றால் எண்ணிக்கை அதிகம்தானே, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘எ லாட் ஆஃப்’ என்பது வெறுமனே ‘நிறைய’ என்ற பொருளில் எழுத்தில் தென்படுகிறது.

‘பங்கு’ என்று பொருள்படும் சொல் ‘நிறைய’ ஆவது ஆங்கிலத்தில் ஒரு தடவை மட்டும் நடந்ததில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ‘எ கிரேட் டீல் ஆஃப்’ என்பதில் வரும் ‘டீல்’, பேரம் இல்லை. அது பழைய ஆங்கிலத்தின் ‘டேல்’, பொருள் பங்கு. ஜெர்மன் ‘டைல்’ அதன் உறவு, உதவித்தொகையைக் குறிக்கும் ‘டோல்’ அதே குடும்பம். சீட்டாட்டத்தில் ‘டீல்’ செய்வது என்றால் ஆளுக்கு இத்தனை என்று சீட்டைப் பங்கிட்டுக் கொடுப்பது. ‘பெரிய பங்கு’ என்று சொல்லிச் சொல்லி ‘ரொம்ப’ என்று ஆகிவிட்டது.

படிக்கும்போது: பக்கத்துச் சொல்லைப் பாருங்கள்

‘லாட்’ மட்டும் தனியாக எதுவும் சொல்லாது. முன்னும் பின்னும் என்ன சொல் நிற்கிறது என்று பார்த்தால் பொருள் சிக்கிவிடும்.

‘ட்ரா’, ‘காஸ்ட்’ என்ற வினைகளோ ‘பை’ என்ற முன்னிடைச்சொல்லோ பக்கத்தில் இருந்தால் அது பழைய மரத்துண்டுப் பொருள். ‘தே ட்ரூ லாட்ஸ்’ என்றால் சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள். ‘சோசன் பை லாட்’ என்றால் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர். இதில் ‘லாட்ஸ்’ என்று பன்மை வருவதைப் பார்த்து ‘நிறைய வரைந்தார்கள்’ என்று மொழிபெயர்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், இந்த இடத்தில் நிதானம் தேவை. ஆங்கில பைபிளில் இந்தப் பொருள் அடிக்கடி வரும். 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் நீதிமொழிகள் 16:33இல் மடியில் போடப்படுவதாகச் சொல்லப்படும் ‘லாட்’ இதுதான். இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடர் யூதாசுக்குப் பதிலாக மத்தியா என்பவரைத் தேர்ந்தெடுத்ததும் இப்படிச் சீட்டுப் போட்டுத்தான்.

முன்னால் ‘மை’, ‘ஹெர்’, ‘தெய்ர்’ போன்ற சொந்தம் காட்டும் சொல்லும், பின்னால் ‘இன் லைஃப்’ என்பதும் இருந்தால் அது தலையெழுத்து. ‘ஷீ அக்செப்டட் ஹெர் லாட்’ என்றால் தனக்கு வாய்த்தது இதுதான் என்று ஏற்றுக்கொண்டாள். ‘இட் ஃபெல் டு மை லாட்’ என்றால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ‘த்ரோ இன் யுவர் லாட் வித்’ என்பது கொஞ்சம் குழப்பும், ஒருவரோடு சேர்ந்து லாபமோ நஷ்டமோ உங்களோடுதான் என்று நிற்பது அது. உன் சீட்டையும் என் சீட்டையும் ஒன்றாகப் போடுவோம் என்ற பழைய காட்சி அதற்குள் அப்படியே இருக்கிறது.

முன்னால் இடத்தின் தன்மையைச் சொல்லும் சொல் இருந்தால் நிலம். ‘வேகன்ட் லாட்’ காலி மனை. ‘பார்க்கிங் லாட்’ வண்டி நிறுத்துமிடம், இது அமெரிக்க வழக்கு, பிரிட்டனில் ‘கார் பார்க்’ என்பார்கள். சினிமா ஸ்டூடியோவின் வளாகத்துக்கும் ‘லாட்’ என்றே பெயர், தெரு, வீடு என்று செட் போட்டு வைத்திருக்கும் திறந்தவெளிப் பகுதி ‘பேக்லாட்’.

எண்ணோடு வந்தால் வியாபாரம். ஏலப் பட்டியலில் ‘லாட் 27’ என்றால் இருபத்தேழாவதாக ஏலத்துக்கு வரும் பொருளோ தொகுதியோ. மருந்து, உணவு, உதிரிபாகம் போன்றவற்றில் ‘லாட் நம்பர்’ என்பது ஒரே சமயத்தில், ஒரே நிலைமையில் தயாரான சரக்குக்குப் போடும் எண், ‘பேட்ச் நம்பர்’ என்பதும் கிட்டத்தட்ட இதுதான். இதை அலட்சியமாக விட்டுவிட வேண்டாம். ஒரு மருந்தில் கோளாறு என்று தயாரிப்பாளர் திரும்பப் பெறும்போது எந்த லாட் என்றுதான் அறிவிப்பார்கள், உங்கள் கையில் இருக்கும் அட்டை அதில் சேருமா இல்லையா என்பதை அந்த எண் மட்டுமே சொல்லும். பங்குச் சந்தையில் ‘லாட்’ என்பது சேர்ந்தாற்போல் வாங்கி விற்கும் அளவு. அமெரிக்காவில் நெடுங்காலம் 100 பங்குகள் ஒரு ‘ரவுண்ட் லாட்’டாக இருந்தது, அதற்குக் குறைந்தால் ‘ஆட் லாட்’. அந்நியச் செலாவணி வர்த்தகத்தில் ஒரு ‘ஸ்டாண்டர்ட் லாட்’ 1,00,000 அலகுகள், ‘மினி லாட்’ 10,000, ‘மைக்ரோ லாட்’ 1,000. ஆக, ‘ஒன் லாட்’ என்பதைப் படித்ததும் எவ்வளவு என்று ஊகிக்காமல், அந்தச் சந்தையில் ஒரு லாட் எத்தனை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ‘நிறைய’ என்று நாம் பழகிய சொல் இங்கே மிகத் துல்லியமான அளவு.

தரம், வகை பார்க்காமல் மொத்தமாகச் சேர்த்து விற்கிற சரக்குக்கு ‘ஜாப் லாட்’ என்பார்கள்.

ஆட்களைச் சொல்லும்போது வேறு மணம். ‘யூ லாட்’ என்பது பிரிட்டிஷ் பேச்சு, ‘நீங்கள் எல்லாரும்’ என்பதுதான், ஆனால் ஆசிரியர் மாணவர்களிடமோ நண்பர்கள் தங்களுக்குள்ளோ சொல்வது போன்ற உரிமை அதில் இருக்கும். மேலதிகாரிகளுக்கு எழுதும் கடிதத்தில் வரவே கூடாது. ‘எ பேட் லாட்’ என்றால் ஒழுங்கீனமான ஆள், ஒருவரையும் சொல்லலாம், ஒரு கும்பலையும் சொல்லலாம். ‘தி லாட்’, ‘தி ஹோல் லாட்’ என்றால் ஒன்று விடாமல் முழுவதும். இங்கே ‘எ’, ‘தி’ என்ற ஒற்றைச் சொல் மாறினால் பொருளே மாறுகிறது: ‘ஹி ஸோல்ட் எ லாட்’ என்றால் நிறைய விற்றான், ‘ஹி ஸோல்ட் தி லாட்’ என்றால் அத்தனையையும் விற்றுத் தீர்த்தான்.

இன்னும் சில தொடர்களில் ‘நிறைய’ என்று எடுத்தால் நேர் எதிராகப் போய்விடும். ‘எ ஃபேட் லாட் ஆஃப் குட்’ என்பதற்கு ‘ஒரு பிரயோஜனமும் இல்லை’ என்று பொருள். ‘நாட் எ லாட்’ என்றால் கொஞ்சம்தான். ‘லீவ்ஸ் எ லாட் டு பி டிஸையர்ட்’ என்று ஒரு வேலையைப் பற்றி எழுதினால், அது திருப்தியாக இல்லை, குறைகள் ஏராளம் என்று நாகரிகமாகச் சொல்கிறார்கள்.

சொந்தமும் போலியும்

‘லாட்டரி’, ‘லாட்டோ’ இரண்டும் இந்தக் குடும்பம்தான், ஆனால் சுற்றி வந்தவை. ஜெர்மானியச் சொல் பிரெஞ்சுக்குப் போய், இத்தாலிக்குப் போய், அங்கே குலுக்கல் விளையாட்டின் பெயராகி, 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கரையிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பி வந்தது. முதலாம் எலிசபெத் 1567இல் நாட்டின் முதல் அரசு லாட்டரியை அறிவித்தார், துறைமுகங்களைப் பழுது பார்க்கப் பணம் தேவைப்பட்டது. குலுக்கல் 1569இல் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் நடந்தது. ‘அலாட்’, ‘அலாட்மென்ட்’ என்பவையும் சொந்தம், ஒதுக்கீடு என்ற பொருளில் ‘பங்கு’ அப்படியே தெரிகிறது.

ஓட்டுச்சீட்டைக் குறிக்கும் ‘பேலட்’ சொந்தம் இல்லை. ஓட்டுக்கும் சீட்டுக்கும் தொடர்பு இருக்கிறதே என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அது இத்தாலியில் ‘சின்னப் பந்து’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. அங்கே சிறு பந்துகளைப் போட்டு வாக்களித்தார்கள். ‘ப்ளாட்’, ‘ஸ்லாட்’ இரண்டும் ஓசையில்தான் நெருக்கம். பைபிளில் உப்புத் தூணாக மாறிய பெண்ணின் கணவன் லோத்துவின் பெயர் ஆங்கில எழுத்தில் அச்சு அசலாக இதேபோல் இருக்கும், அது எபிரேயப் பெயர், இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வேறு வேரிலிருந்து வந்து இதே வழியில் நடந்த சொற்களும் உண்டு. லத்தீனில் சீட்டுக்கு ‘ஸோர்ஸ்’, அதிலிருந்துதான் ஆங்கிலத்தின் ‘ஸார்ட்’, இன்று ‘வகை’ என்று பொருள். கிரேக்கத்தில் சீட்டுக்கு ‘க்ளேரோஸ்’, அது பங்கையும் குறித்தது, அதன் வழியாக வந்ததுதான் மதகுருமாரைக் குறிக்கும் ‘க்ளெர்ஜி’.

எழுதும்போது

முதல் கேள்வி எப்போதும் இதுதான்: ‘எ லாட் ஆஃப்’ வந்தால் வினை ஒருமையா பன்மையா? ‘எ’ என்று தொடங்குகிறதே, ஒருமையாகத்தானே இருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. அப்படி இல்லை. ‘ஆஃப்’புக்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல்தான் முடிவு செய்யும். ‘எ லாட் ஆஃப் புக்ஸ் ஆர் மிஸ்ஸிங்’ என்பது சரி, புத்தகங்கள் எண்ணக்கூடியவை, பன்மை. ‘எ லாட் ஆஃப் வாட்டர் இஸ் வேஸ்டட்’ என்பதும் சரி, தண்ணீர் எண்ண முடியாதது, அதனால் ஒருமை. ‘லாட்ஸ் ஆஃப்’ என்று பன்மை வடிவம் போட்டாலும் இதே விதி, ‘லாட்ஸ் ஆஃப் வாட்டர் இஸ்’ என்றுதான் வரும், ‘ஆர்’ வராது. சொல்லின் கதை இங்கே உதவுகிறது. ‘லாட்’ ஒரு பொருளாக, ஒரு தொகுதியாக இருந்த காலம் போய், ‘எ லாட் ஆஃப்’ மூன்றும் சேர்ந்து ‘நிறைய’ என்ற ஒரே அளவுச்சொல்லாக இறுகிவிட்டது. அளவுச்சொல்லுக்கு வினை பணியாது, பெயர்ச்சொல்லுக்குத்தான் பணியும். தமிழிலும் ‘நிறையத் தண்ணீர் வீணாகிறது’, ‘நிறையப் புத்தகங்கள் காணாமல் போயின’ என்று பெயர்ச்சொல்லைப் பார்த்துத்தானே வினையைப் போடுகிறோம்.

ஏலத்தில் மட்டும் பழைய இலக்கணம் உயிரோடு இருக்கிறது. அங்கே ‘திஸ் லாட் ஆஃப் புக்ஸ் இஸ் ஃப்ரம் தி சேம் லைப்ரரி’ என்று ஒருமை வரும், ஏனென்றால் அங்கே ‘லாட்’ நிஜமாகவே ஒரு கட்டு. இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

அடுத்தது ‘ஆஃப்’ எப்போது வேண்டும், எப்போது வேண்டாம். பின்னால் பெயர்ச்சொல்லோ ‘தெம்’, ‘அஸ்’ போன்ற சொல்லோ வந்தால் ‘ஆஃப்’ கட்டாயம். வினைக்குத் துணையாக வாக்கியத்தை முடித்தால் ‘ஆஃப்’ இல்லை: ‘ஐ ரீட் எ லாட்’, ‘தேங்க்ஸ் எ லாட்’. ஒப்பீட்டுக்கு முன்னாலும் இல்லை: ‘எ லாட் பெட்டர்’, ‘எ லாட் மோர் டிஃபிகல்ட்’. இங்கே ஒன்றைக் கவனியுங்கள், ஒப்பீட்டு வடிவத்துக்கு முன்னால்தான் இது நிற்கும். ‘எ லாட் குட்’, ‘எ லாட் பிக்’ என்று எழுதினால் தவறு, அங்கே ‘வெரி’தான் வர வேண்டும்.

நம்மவர்கள் அடிக்கடி செய்கிற பிழைகள் மூன்று. ‘எ’வை விட்டுவிட்டு ‘லாட் ஆஃப் பீப்பிள்’ என்று எழுதுவது முதலாவது, பேச்சில் காதுக்குத் தெரியாமல் போகலாம், எழுத்தில் உடனே கண்ணில் குத்தும். இரண்டாவது ‘எ லாட்ஸ் ஆஃப்’, இரண்டு வடிவங்களையும் கலந்தது. ஒன்று ‘எ லாட் ஆஃப்’ அல்லது ‘லாட்ஸ் ஆஃப்’, நடுவில் எதுவும் கிடையாது. மூன்றாவது ‘எ லாட் மெனி’, ‘மெனி’யே ‘பல’ என்று சொல்லிவிட்ட பிறகு ‘லாட்’டுக்கு அங்கே வேலை இல்லை.

எழுத்துக்கூட்டலில் ஒரு தொல்லை உண்டு, இது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் விழுகிற குழி. ‘எ’யையும் ‘லாட்’டையும் சேர்த்து ஒரே சொல்லாக எழுதிவிடுவார்கள். அப்படி ஒரு சொல் ஏற்கப்பட்ட வழக்கில் இல்லை. எப்போதும் இரண்டு சொற்கள், நடுவில் இடைவெளி. ஒன்றாகச் சேர்த்து இரண்டு ‘எல்’ போட்டால் அது ‘அலாட்’, ஒதுக்குவது என்ற வினை, பொருளே வேறு. எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் இதைப் பிடிக்காமலும் போகலாம், ஏனென்றால் ‘அலாட்’டும் அகராதியில் இருக்கிற சொல்தான்.

‘மச்’, ‘மெனி’ இருக்கும்போது ‘எ லாட் ஆஃப்’ எதற்கு என்று கேட்கலாம். இலக்கணப்படி தடை இல்லாவிட்டாலும் காதுக்குப் பொருந்துவது என்று ஒன்று இருக்கிறது. ‘நான் நிறையப் பணம் வைத்திருக்கிறேன்’ என்று சாதாரணமாகச் சொல்ல ‘ஐ ஹேவ் மச் மணி’ என்றால் யாரோ பழைய புத்தகத்திலிருந்து வாசிப்பது மாதிரி இருக்கும். உடன்பாட்டு வாக்கியத்தில் ‘எ லாட் ஆஃப்’ இயல்பு. எதிர்மறையிலும் கேள்வியிலும் ‘மச்’, ‘மெனி’ இயல்பாக உட்காரும்: ‘ஐ டோன்ட் ஹேவ் மச் டைம்’, ‘டூ யூ ஹேவ் மெனி ஃப்ரெண்ட்ஸ்?’. ‘டூ’, ‘ஸோ’, ‘ஆஸ்’ முன்னால் வந்தால் ‘மச்’, ‘மெனி’யைத் தவிர வேறு வழியில்லை: ‘டூ மச்’, ‘ஸோ மெனி’. ‘டூ எ லாட்’ என்று ஒன்று கிடையாது.

பேச்சில் ‘எ லாட் ஆஃப்’ மூன்று சொற்களாகக் கேட்காது, ‘அலாட்டவ்’ என்று ஒட்டிக்கொண்டு வரும். அமெரிக்கர்கள் இன்னும் உருட்டி ‘அலாடா’ என்பார்கள். வசன வரிகளிலும் பாட்டு வரிகளிலும் இதை அப்படியே ஒலிப்படி எழுதுவதும் உண்டு. படிக்கும்போது அடையாளம் தெரிந்தால் போதும், நாம் எழுத வேண்டாம்.

அலுவலக அறிக்கை, ஆய்வுக் கட்டுரை, விண்ணப்பம் போன்றவற்றில் ‘எ லாட் ஆஃப்’ கொஞ்சம் பேச்சு வாடை அடிக்கும், ‘லாட்ஸ் ஆஃப்’ இன்னும் அதிகமாக அடிக்கும். தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் மாற்றுவது நல்லது. எண்ணக்கூடியவற்றுக்கு ‘மெனி’ அல்லது ‘எ லார்ஜ் நம்பர் ஆஃப்’. எண்ண முடியாதவற்றுக்கு ‘எ லார்ஜ் அமவுன்ட் ஆஃப்’ அல்லது மேலே பார்த்த ‘எ கிரேட் டீல் ஆஃப்’. இந்த ‘டீல்’ எண்ணக்கூடிய பன்மையோடு சேராது, ‘எ கிரேட் டீல் ஆஃப் டைம்’ சரி, ‘எ கிரேட் டீல் ஆஃப் புக்ஸ்’ சரியில்லை. ‘எ லார்ஜ் நம்பர் ஆஃப் பீப்பிள் ஆர்’ என்று பன்மை வரும், ஆனால் ‘தி நம்பர் ஆஃப் பீப்பிள் இஸ்’ என்று ஒருமை வரும். முன்னது அளவுச்சொல், பின்னது எண்ணிக்கையையே பேசுகிறது.

இதையெல்லாம்விட நல்ல மாற்று ஒன்று இருக்கிறது, பலருக்கு அது தோன்றுவதில்லை. உங்களிடம் எண்ணிக்கை இருந்தால் எண்ணிக்கையையே எழுதுங்கள். ‘எ லாட் ஆஃப் கஸ்டமர்ஸ் கம்ப்ளெய்ன்ட்’ என்று அறிக்கையில் எழுதினால் படிக்கிறவருக்கு ஐந்து பேரா ஐந்நூறு பேரா என்று தெரியாது, ‘மெனி’ என்று மாற்றினாலும் தெரியாது, ‘எ லார்ஜ் நம்பர் ஆஃப்’ என்று நீட்டினாலும் அதே கதைதான். ‘43 கஸ்டமர்ஸ் கம்ப்ளெய்ன்ட்’ என்று எழுதினால் வேலை முடிந்தது. எண் கையில் இல்லாதபோதும், உண்மையிலேயே எண் முக்கியமில்லாதபோதும் மட்டும் ‘எ லாட் ஆஃப்’ வரட்டும். அப்போதும் ‘எ’ இருக்கிறதா, நடுவில் இடைவெளி விட்டோமா, வினை பின்னால் வரும் பெயர்ச்சொல்லோடு ஒத்துப்போகிறதா என்று அனுப்புவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.